நாடி ஐம்பத்திரண்டு

திண்டிவனம்
3 ஜூலை 2025

சங்கவி அப்பாவுக்கு,

இதைப் பெரியதம்பி அண்ணன் கையில் கொடுத்து அனுப்புகிறேன். நம் கண்ணையன் அண்ணன் வீட்டுக்கு அடுத்த வீட்டுக்காரர், தினமும் பாசஞ்சரில் விழுப்புரத்துக்கு வேலைக்கு வருகிறவர். "போன் இருக்கிற காலத்துல யாரும்மா லெட்டர் எழுதுறாங்க" என்று கேட்டுச் சிரித்தார். போன் இருப்பதால்தான் எழுதுகிறேன் என்று அவரிடம் எப்படிச் சொல்வது.

ஞாயிற்றுக்கிழமை நீங்கள் போன் செய்தீர்களே, ஐந்து நிமிஷம் பேசினோம், அதில் நாலு நிமிஷம் சண்டை. வைத்ததும் எனக்குத் தலை தெறித்தது, உடம்பெல்லாம் வேர்த்துக் கொட்டியது. பக்கத்துத் தெரு நர்ஸக்காவைக் கூட்டிவந்து பிரஷர் பார்த்தார்கள். இருநூறு. கண்ணையன் அண்ணன் என் போனைப் பிடுங்கி பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். "மச்சான்கிட்ட பேசணும்னா எழுது. எழுதும்போது கத்த முடியாது இல்ல" என்றார். முடியுமா முடியாதா என்று இப்போது பார்க்கப்போகிறேன்.

நான் இங்கே வந்து பதினோரு நாள். அந்த ஒரு நாளைத் தவிர மற்ற நாளெல்லாம் நூற்றைம்பது, நூற்றறுபதுதான். நம் வீட்டு மெஷினில் இருநூற்றிருபது வரைக்கும் காட்டியது உங்களுக்கு நினைவிருக்கும். அதனால் இங்கே எல்லோரும் ஒரே பாட்டைப் பாடுகிறார்கள், உன் வியாதியே உன் வீட்டுக்காரர்தான் என்று. நான் கிளம்பின அன்றைக்கு உங்கள் பக்கம் நின்ற அண்ணன்தான் அதிகம் பாடுகிறார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. உங்கள் மேல் கோபம் வந்து அதனால் பிரஷர் ஏறுகிறதா, இல்லை பிரஷர் தானாக ஏறி, அதனால் கோபம் வந்து எதிரே நிற்கிற உங்கள் மேல் விழுகிறதா? நீங்களாவது சொல்லுங்கள், இத்தனை நாள் எதிரே நின்றவர் நீங்கள்தானே.

சண்டை போட எழுதவில்லை. ஆனால் ஒன்றை எழுதாமல் முடிக்க என்னால் ஆகாது. அந்தக் கூழ் கசந்தது. இருபது வருஷமாக டிபன் கடை அடுப்படியில் நிற்கிறவள் நான். சாம்பாரில் உப்பு கூடியதா குறைந்ததா என்று நாக்கு நுனியில் வைத்துச் சொல்வேன். பங்குனி மாதத்திலிருந்து நீங்கள் காலையில் கடைக்குக் கொண்டுவந்து கொடுத்த கேப்பைக் கூழ் கசந்தது. அதைச் சொன்னதற்கு எனக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று நாலு பேர் முன்னால் சொன்னீர்கள். அந்த வார்த்தை இன்னும் காதிலேயே இருக்கிறது.

சங்கவியைப் பள்ளிக்கூடத்துக்கு வெறும் வயிற்றோடு அனுப்பாதீர்கள்.

பொன்னி


விழுப்புரம்
6 ஜூலை 2025

பொன்னிக்கு,

மார்க்கெட் கமிட்டியில் மூட்டை எடை போட்டுக்கொண்டிருந்தபோது பெரியதம்பி வந்து கவரை நீட்டினார். எல்லோரும் கோர்ட் நோட்டீஸ் என்று நினைத்துக்கொண்டார்கள். இனிமேல் அவரை வீட்டுக்கு வரச் சொல்.

சங்கவி நன்றாக இருக்கிறாள். காலையில் உப்புமா கிண்டிக் கொடுக்கிறேன், பாதியை டப்பாவிலேயே திருப்பிக் கொண்டுவருகிறாள். நீ செய்வது மாதிரி இல்லையாம்.

கோபம் முதலிலா பிரஷர் முதலிலா என்று என்னைக் கேட்கிறாய். எனக்கென்ன தெரியும். நான் பார்த்ததைச் சொல்கிறேன். நன்றாகப் பேசிக்கொண்டே இருப்பாய், திடீரென்று முகம் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுத்துப்போகும், கை நடுங்கும், அடுத்த நிமிஷம் என் பரம்பரையையே இழுத்துத் திட்டுவாய். கால் மணி நேரம் கழித்து ஒன்றுமே நடக்காத மாதிரி உட்கார்ந்து வெங்காயம் உரிப்பாய். போன தீபாவளியிலிருந்து இதே கதைதான். ஆஸ்பத்திரிக்கு வா என்று எத்தனை தடவை கூப்பிட்டேன். ஒரு நாள் லீவு போட்டால் ரோஜாக்கா கடையில் யார் மாவு ஆட்டுவது என்றாய். மாத்திரை என்ற பேச்சை எடுத்தாலே மூஞ்சியைத் திருப்பிக்கொள்வாய். பிரஷரைக் கவனிக்காமல் விட்டு எங்கப்பா ஒரு பக்கம் விழுந்து மூன்று வருஷம் கிடந்ததை நீயும்தான் பார்த்தாய், நீதான் துடைத்துவிட்டாய். எனக்கு அந்தப் பயம்.

கூழ் விஷயம். அந்த ஞாயிற்றுக்கிழமை உன் அண்ணன் இருந்தார், ரோஜாக்கா இருந்தார், பக்கத்து வீட்டுக்காரர்கள் வாசலில் நின்றார்கள். நீ செம்பை முற்றத்தில் வீசிவிட்டு, "இதுல என்னமோ கலந்துக்கினு இருக்கீங்க" என்று கத்தினாய். நான் எல்லோர் கண் முன்னாலும் குண்டானிலிருந்து ஒரு டம்ளர் மொண்டு குடித்துக் காட்டினேன். இன்னும் என்ன செய்யவேண்டும்? அதற்கும் நீ "போடா" என்றாய். கல்யாணமாகிப் பதினெட்டு வருஷத்தில் நான் உன்னை ஒரு நாள் வாடி போடி என்றதில்லை. மறுநாள் கமிட்டியில் அதைச் சொல்லிச் சிரித்தார்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள். உப்பு வேண்டாம், ஊறுகாய் தொடாதே.

விருத்தாசலம்


திண்டிவனம்
14 ஜூலை 2025

சங்கவி அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு நர்ஸக்காவிடம் பிரஷர் பார்த்துக்கொண்டேன். நூற்றறுபத்தெட்டு. போனை விடக் கடிதம் பரவாயில்லை.

நேற்று ஒன்று நடந்தது. அண்ணி என்னைப் பெருமுக்கல் மலைக்குக் கூட்டிப்போனார். எனக்குக் காத்து கருப்பு ஏதோ பட்டிருக்கிறது, சாமியிடம் விட்டுவிட்டு வரலாம் என்றார். நான் சண்டை போடவில்லை, போனேன். அத்தனை படியும் ஏறினேன். எனக்கு மூச்சுகூட வாங்கவில்லை, அண்ணிதான் நடுவில் இரண்டு இடத்தில் உட்கார்ந்தார். கும்பிட்டுவிட்டு இறங்கி வந்து, கீழே கழற்றிப் போட்டிருந்த செருப்பை எடுக்கக் குனிந்தேன். அவ்வளவுதான். நெஞ்சு திடுதிடு என்று அடித்தது, தலைக்குள் யாரோ சம்மட்டியால் அடிக்கிற மாதிரி. அண்ணி, "இன்னா ஆச்சு பொன்னி" என்று தோளைத் தொட்டதற்கு, "தொடாத" என்று அலறினேன். பாவம், அந்த மனுஷி பயந்து ஓரமாகப் போய் நின்றுவிட்டார். கொஞ்ச நேரத்தில் சரியாகிவிட்டது. அழுதேன்.

இப்போது சொல்லுங்கள். நீங்கள் அங்கே இல்லை. சண்டை இல்லை. மலை ஏறும்போது வராதது செருப்புக்குக் குனியும்போது வந்தது. யோசித்துப் பார்த்தேன். கடையில் மாவு குண்டானைத் தூக்கக் குனியும்போதுதான் அடிக்கடி வரும். வீட்டுக்குள் வருவதற்குள் அது உச்சத்தில் இருக்கும், வாசலில் நீங்கள் நிற்பீர்கள். உங்களைத் திட்டவேண்டும் என்று நான் ஒரு நாளும் கிளம்பி வந்ததில்லை.

இங்கே கவர்மென்ட் ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். வயிற்றை அழுத்திப் பார்க்கப்போனவர் பாதியில் கையை எடுத்துக்கொண்டார். இது சாதாரண பிரஷர் மாதிரி தெரியவில்லை, புதுச்சேரிக்குப் போங்கள் என்று சீட்டு எழுதிக் கொடுத்தார். பழைய அளவெல்லாம் ஏதாவது எழுதி வைத்திருக்கிறீர்களா என்று கேட்டார். சங்கவி ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதி வைத்திருந்தாளே, அதைக் கொடுத்து அனுப்புங்கள்.

ஆனால் கூழ் மட்டும் புரியவில்லை. குனிந்தால் வருவதற்கும் கூழ் கசப்பதற்கும் என்ன சம்பந்தம்? நீங்களே குண்டானிலிருந்து குடித்தீர்கள், எனக்கும் தெரியும். அப்படியென்றால் என் நாக்கு கெட்டுவிட்டதா? நான் கிளம்புவதற்கு முந்தின வாரமே ரோஜாக்கா சாம்பாரை என்னிடம் ருசி பார்க்கக் கொடுப்பதை நிறுத்திவிட்டார், தானே கையில் ஊற்றிப் பார்த்துக்கொண்டார். அது எனக்கு எப்படி இருந்தது என்று உங்களுக்குத் தெரியாது.

பொன்னி


விழுப்புரம்
17 ஜூலை 2025

பொன்னிக்கு,

நோட்டை அனுப்பியிருக்கிறேன். மெஷினில் தெரிகிற மூன்று நம்பரையும் சங்கவி எழுதியிருக்கிறாள், கடைசி நம்பர் நாடித் துடிப்பாம். நாம் மேலே இருக்கிற நம்பரை மட்டும்தான் பார்த்துப் பயந்துகொண்டிருந்தோம்.

உன் வியாதி நான் இல்லை என்று பெருமுக்கல் படிக்கட்டில் தெரிந்துவிட்டதல்லவா, அதை உன் அண்ணனிடமும் கொஞ்சம் சொல். நேற்றுகூட பெரியதம்பி என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

இப்படி எழுதிவிட்டு எனக்கே வெட்கமாக இருக்கிறது. நீ மலையடிவாரத்தில் தனியாக அழுதாய் என்று படித்ததிலிருந்து வேலை ஓடவில்லை. இன்றைக்கு எண்ணெய் மில்லுக்குப் போகிற மல்லாட்டை வரத்து அதிகம். ஒரு மூட்டையை இரண்டு தடவை எடை போட்டு வியாபாரியிடம் பேச்சு வாங்கினேன்.

இங்கே மாரியம்மன் கோயிலில் ஆடிக்குக் கொட்டகை போடுகிறார்கள். போன வருஷம் கூழ் காய்ச்ச உன்னைத்தான் கூப்பிட்டார்கள். இந்த வருஷம் உன்னைக் கேட்டு வந்தார்கள், ஊருக்குப் போயிருக்கிறாள் என்றேன்.

அங்கே உனக்கு மாத்திரை ஏதும் கொடுத்திருக்கிறார்களா? என்ன மாத்திரை? வெள்ளையா, சின்னதா? எழுது.

விருத்தாசலம்


திண்டிவனம்
28 ஜூலை 2025

சங்கவி அப்பாவுக்கு,

நிறைய இருக்கிறது, எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. மாத்திரை எதுவும் அப்போது கொடுக்கவில்லை. என்ன நிறம் என்று எதற்குக் கேட்டீர்கள் என்றும் தெரியவில்லை.

புதுச்சேரி ஆஸ்பத்திரியில் ஒரு பெரிய பிளாஸ்டிக் கேனைக் கொடுத்து, இருபத்துநாலு மணி நேரத்துச் சிறுநீரையும் அதில் பிடித்துக் கொண்டுவா என்றார்கள். அண்ணன் வீடு ஒற்றை அறை. எங்கே வைப்பது, யார் கண்ணில் படாமல் வைப்பது? அண்ணி அரிசி மூட்டைக்குப் பின்னால் மறைத்து வைத்தார். மறுநாள் அதைத் துணிப்பையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனேன். பக்கத்து சீட்டு ஆயா எண்ணெய் என்ன விலை என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை, ரொம்ப நாள் கழித்துச் சிரித்தேன்.

பிறகு ஸ்கேன். வலது பக்கம் கிட்னிக்கு மேலே தொப்பி மாதிரி ஒரு சுரப்பி இருக்குமாம். அதில் எலுமிச்சம்பழம் அளவுக்குக் கட்டி. பயப்படாதீர்கள், அநேகமாக அது நல்ல கட்டிதான், எடுத்துவிட்டால் சரியாகிவிடும் என்கிறார் டாக்டர் பெனாசிர். கோட்டக்குப்பத்துக்காரர். எனக்குப் புரிகிற மாதிரி பேசுகிறார். "பயந்தாலோ கோபப்பட்டாலோ உடம்புல ஒரு நீர் சுரக்கும்மா. அது போய்ச் சொன்னா ரத்தக்குழாய் இறுகும், நெஞ்சு வேகமா அடிக்கும். உங்க கட்டி பயமே இல்லாம, கோபமே இல்லாம அதைக் கொட்டிக்கினு இருக்கு. அது ஏன் வந்துச்சு எதுக்கு வந்துச்சுன்னு ரத்தக்குழாய்க்குத் தெரியாது. வந்தா இறுகிக்கும். அவ்ளோதான்." குனிந்தால் கட்டி அழுந்தும், அழுந்தினால் கொட்டும். செருப்புக்கும் மாவு குண்டானுக்கும் இதுதான் சம்பந்தம்.

அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். உடம்பு முதலில் பதறுகிறது, அப்புறம் மனசு அதற்கு ஒரு காரணம் தேடுகிறது, தேடும்போது நீங்கள் எதிரே நிற்கிறீர்கள். இவ்வளவு நாள் நான் கெட்டவள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இறுக்கத்தைத் தளர்த்த ஒரு மாத்திரை ஆரம்பித்திருக்கிறார்கள். இரண்டு வாரம் அதைச் சாப்பிட்டு உடம்பைப் பழக்கின பிறகு ஆபரேஷன். ஆகஸ்ட் பதினொன்று என்று சொல்லியிருக்கிறார்.

ஆனால் சங்கவியின் நோட்டைப் பார்த்ததும் டாக்டரின் முகம் மாறியது. பங்குனியிலிருந்து ஆனி வரைக்கும் உள்ள பக்கங்களில் பேனாவால் வட்டம் வட்டமாகப் போட்டார். பிரஷர் இருநூற்றிருபது, நாடி ஐம்பத்திரண்டு. பிரஷர் இருநூற்றுப் பதினைந்து, நாடி ஐம்பது. இந்தக் கட்டிக்கு நாடி நூற்றிருபது ஓடவேண்டும், ஐம்பத்திரண்டில் எப்படி நிற்கும் என்று கேட்டார். "இன்னா மாத்திரை சாப்பிட்டீங்க?" ஒன்றும் இல்லை என்றேன். மறுபடி கேட்டார். ஒன்றும் இல்லை என்றேன். மூன்றாவது முறையும் கேட்டார். உங்களுக்கு ஏதாவது ஞாபகம் இருக்கிறதா? தலைவலிக்கு, ஜலதோஷத்துக்கு என்று நான் எதையாவது போட்டேனா?

பொன்னி


விழுப்புரம்
1 ஆகஸ்ட் 2025

பொன்னிக்கு,

கட்டி என்று படித்ததும் எனக்குக் கை கால் ஓடவில்லை. ஆபரேஷன் அன்று நான் வரவேண்டுமா? உன் அண்ணன் இருக்கிறார் என்று தெரியும். ஆனாலும் கேட்கிறேன்.

சங்கவியிடம் பதமாகச் சொன்னேன். அவள் போனில் என்னென்னவோ தேடிப் படிக்கிறாள். பிடுங்கி வைத்தேன், முறைத்தாள். உன் அண்ணன் மாதிரி பீரோவில் வைத்துப் பூட்ட எனக்கு மனசு வரவில்லை.

இங்கே இரண்டு நாளாக மழை. கமிட்டி கொட்டகையில் ஓட்டை, மூட்டையெல்லாம் நனைந்து ஒரே பேஜாரு.

நீ எதையும் சாப்பிட்டது எனக்கு ஞாபகம் இல்லை. மாத்திரைதான் உனக்கு ஆகாதே. அந்த மெஷினே கோளாறாக இருக்கலாம், ஒரு வருஷத்து மெஷின், நாடியைத் தப்பாகக் காட்டியிருக்கும் என்று டாக்டரிடம் சொல்.

ஒன்று மட்டும் கேட்டு எழுது. ஒருவேளை யாராவது தெரியாமல் நாடியைக் குறைக்கிற மாத்திரையைச் சாப்பிட்டிருந்தால், அதனால் பெரிய கெடுதல் ஏதும் உண்டா? சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன். நானும் அந்த மாதிரி ஒன்றைச் சாப்பிடுகிறவன்தானே.

விருத்தாசலம்


திண்டிவனம்
5 ஆகஸ்ட் 2025

சங்கவி அப்பாவுக்கு,

பதினொன்றாம் தேதி ஆபரேஷன் இல்லை. தள்ளி வைத்துவிட்டார்கள்.

மெஷின் கோளாறு என்று நீங்கள் சொன்னதைச் சொன்னேன். எல்லா நாளும் ஒரே மாதிரியாகவா கோளாறு பண்ணும், அதற்கு முந்தின மாசமெல்லாம் நாடி நூற்றுக்கு மேல் காட்டியிருக்கிறதே என்று கேட்டார். மாத்திரை சாப்பிடவில்லை என்பது உண்மையானால் என் நெஞ்சிலேயே வேறு ஏதோ கோளாறு இருக்கவேண்டுமாம். அது தெரியாமல் மயக்க மருந்து கொடுத்தால் ஆபத்து. அதனால் நெஞ்சுக்கு ஒவ்வொரு டெஸ்டாக எடுக்கச் சொல்கிறார்கள். ஒன்றுக்குத் தேதி கிடைக்க மூன்று வாரம் ஆகுமாம். அதுவரை கட்டி உள்ளேயே இருக்கும், எப்போது வேண்டுமானாலும் கொட்டும். டாக்டர் என்னைப் பார்க்கிற பார்வை எனக்குத் தெரிந்த பார்வை. அன்றைக்கு நம் வாசலில் நின்ற எல்லோரும் பார்த்தார்களே, அதே பார்வை. இவள் எதையோ மறைக்கிறாள், இல்லையென்றால் இவளுக்கே தெரியவில்லை.

நீங்கள் கேட்கச் சொன்னதையும் கேட்டேன். ரத்தக்குழாய் மேல் இரண்டு வகைப் பூட்டு இருக்கிறதாம். ஒன்றைத் திறந்தால் குழாய் இறுகும், இன்னொன்றைத் திறந்தால் தளரும். அந்த நீர் இரண்டையும் திறக்கிற சாவி. நாடியைக் குறைக்கிற மாத்திரை போய்த் தளர்த்துகிற பூட்டை அடைத்துவிடும். அப்புறம் இறுக்குவது மட்டும்தான் மிச்சம். சாதாரண பிரஷர்காரருக்கு நல்லது செய்கிற அதே மாத்திரை இந்தக் கட்டி இருக்கிறவருக்குப் பிரஷரை ஏற்றிவிடுமாம், உயிருக்கே ஆபத்தாகக்கூட முடியுமாம். நீங்கள் சாப்பிடுவது உங்களுக்கு நல்லதுதான், நிறுத்திவிடாதீர்கள்.

இன்னொரு வேடிக்கை. என்னை நன்றாக உப்புப் போட்டுச் சாப்பிடச் சொல்கிறார்கள். நிஜமாகத்தான். இறுகிக் கிடந்த குழாய் இப்போது தளர்கிறது, உள்ளே ரத்தம் போதாமல் போய்விடும், உப்பும் தண்ணீரும் சேர்த்தால்தான் நிரம்புமாம். ஒரு வருஷமாக நீங்கள் உப்பு டப்பாவை என் கைக்கு எட்டாமல் பரண்மேல் வைத்தீர்கள். எது நல்லது எது கெட்டது என்றே எனக்குத் தெரியாமல் போய்விட்டது.

முந்தாநாள் இங்கே அம்மன் கோயிலில் கூழ் ஊற்றினார்கள். அண்ணி வாங்கிவந்து கொடுத்தார். வாய்வரைக்கும் கொண்டுபோனேன், குடிக்க முடியவில்லை. கசந்தால் நான் பைத்தியம், கசக்காவிட்டால் அன்றைக்குப் பொய் சொன்னவள். அப்படியே கீழே வைத்துவிட்டேன்.

கடைசியாக ஒன்று. அத்தனை பேர் முன்னால் உங்களைப் "போடா" என்றேன். அது என் வாயில் வந்திருக்கக்கூடாது. கட்டி பேச வைத்தது என்று டாக்டர் சொல்கிறார், இருந்தாலும் வாய் என்னுடையதுதானே. மன்னித்துவிடுங்கள். நீங்கள் தினமும் வேலைக்குப் போகிற அவசரத்திலும் செம்பில் கூழ் கரைத்து எடுத்துக்கொண்டு கடை வாசலுக்கு வருவீர்கள். "கூழ் வண்டி வந்தாச்சு பொன்னி" என்று ரோஜாக்கா கிண்டல் செய்வார். எந்தப் புருஷன் இதைச் செய்வான் என்று எல்லோரும் சொல்வார்கள். அப்படிப்பட்ட மனுஷனைத்தான் நான் சந்தேகப்பட்டேன்.

பொன்னி


விழுப்புரம்
8 ஆகஸ்ட் 2025

பொன்னிக்கு,

உன் கடிதம் வந்து மூன்று நாள் ஆகிறது. உன் அண்ணன் நம்பரை மூன்று தடவை அழுத்தி, மணி அடிப்பதற்குள் நிறுத்திவிட்டேன். என் வாயால் இதைச் சொல்ல வரவில்லை. எழுதுகிறேன்.

கூழ் கசந்தது. உன் நாக்கு சரி.

என் மாத்திரையைத்தான் போட்டேன். மாசாமாசம் எனக்கு முப்பது கொடுக்கிறார்களே, அந்தச் சின்ன வெள்ளை மாத்திரை. எனக்கு நன்றாகக் கேட்கிறது, நமக்கு ஒரே சோறு ஒரே வீடு, பிரஷர் மட்டும் வேறா இருக்கும் என்று நினைத்தேன். நீயாகச் சாப்பிடமாட்டாய், எங்கப்பா கிடந்த கிடை என் கண்ணை விட்டுப் போகவில்லை. பங்குனியில் ஆரம்பித்தேன். முதலில் பாதியாக உடைத்து, கரண்டிக் காம்பால் நுணுக்கி, உன் செம்பில் போட்டுக் கூழை ஊற்றினேன். பிரஷர் குறையவில்லை, ஏறியது. பாதி போதவில்லை என்று முழுசாகப் போட்டேன். எனக்கு இல்லாமல் போனது, பரவாயில்லை என்று விட்டேன். இன்னும் ஏறியது. ஏறுகிறதே என்று போட்டேன், போட்டதால்தான் ஏறியது என்று இப்போது தெரிகிறது. இரவெல்லாம் அந்த இரண்டு பூட்டைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். உன்னைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்து தினமும் காலையில் என் கையால் அடைத்திருக்கிறேன்.

இதுவரைக்கும் தெரியாமல் செய்தது. மேலே எழுதப்போவது தெரிந்து செய்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் குண்டானிலிருந்து குடித்தேன். குண்டானில் ஒன்றும் இல்லை என்று எனக்குத் தெரியும். உன் செம்பில் மட்டும்தான் இருந்தது, அது முற்றத்தில் கொட்டிக் கிடந்தது. நீ சொன்னது அத்தனையும் நிஜம் என்று அந்த இடத்தில் எனக்கு ஒருவனுக்குத்தான் தெரியும். ஆமாம் பொன்னி, மாத்திரை போட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். உன் அண்ணன் பார்த்தார், ரோஜாக்கா பார்த்தார், எனக்கு அவமானமாகப் போயிற்று. குடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு, "இவளுக்குப் புத்தி பேதலிச்சிப் போச்சி" என்றேன். சுலபமாக வந்துவிட்டது.

நீ போன மாசம் கேட்டபோதும் சொல்லவில்லை. ஆபரேஷன் நிற்கிறது என்று தெரிந்த பிறகும் மூன்று நாள் ஆகியிருக்கிறது.

உன் வாயில் வந்ததற்கு அந்தக் கட்டி காரணம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். என் வாயில் வந்ததற்கு எந்த ஸ்கேனில் காரணம் தெரியும்?

மாத்திரை அட்டையை இதோடு வைத்திருக்கிறேன், பின்னால் பெயர் இருக்கிறது. டாக்டரிடம் காட்டு. கடைசியாக உன் உடம்பில் போனது அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தின நாள். சங்கவியிடம் இன்று சாயந்தரம் சொன்னேன். அவள் உன் செம்பை எடுத்துப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

விருத்தாசலம்


திண்டிவனம்
12 ஆகஸ்ட் 2025

சங்கவி அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தில் இரண்டாவது பத்தி, "கூழ் கசந்தது, உன் நாக்கு சரி" என்பது. அதற்கு மேல் நான் வெகுநேரம் படிக்கவே இல்லை. அந்த வரியையே திரும்பத் திரும்பப் படித்தேன். எனக்குக் கோபம் வரவில்லை, சந்தோஷமாக இருந்தது. எழுந்து போய் அண்ணி வைத்திருந்த ரசத்தை ஒரு கரண்டி எடுத்துக் குடித்தேன். புளி கொஞ்சம் தூக்கல், மிளகு போதவில்லை. சொன்னேன். அண்ணி ருசி பார்த்துவிட்டு, ஆமாம் என்றார்.

மிச்சத்தைப் படித்தபோதுதான் கோபம் வந்தது. நர்ஸக்கா பார்த்தார், நூற்றுமுப்பத்தெட்டு. இப்போது மாத்திரை கேட்கிறது, அதனால் கோபம் கோபமாக மட்டும் இருக்கிறது. இந்தக் கோபம் என்னுடையதுதான் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிகிறது. இப்படிக் கோபப்பட்டு எத்தனை நாளாயிற்று.

நேற்று டாக்டரிடம் அட்டையைக் காட்டினேன். பெயரைப் பார்த்தார், நோட்டைப் பார்த்தார், பேனாவை மூடி வைத்துவிட்டார். என் நெஞ்சில் ஒரு கோளாறும் இல்லை. டெஸ்டெல்லாம் வேண்டாம், பதினெட்டாம் தேதி ஆபரேஷன் என்றார். அந்த மூன்று மாதம் நான் பிழைத்துக் கிடந்ததே அதிசயம் என்றார். யார் கொடுத்தது என்று கேட்டார், வீட்டுக்காரர் என்றேன். நல்ல மனுஷரா என்று கேட்டார். உங்களை வெறுக்கவேண்டும் என்று உட்கார்ந்தால், பாதி மாத்திரையை உடைத்து எனக்குக் கொடுத்துவிட்டு நீங்கள் தலைவலியோடு மூட்டை எடை போட்டது நினைவுக்கு வருகிறது. சரி மன்னித்துவிடலாம் என்று உட்கார்ந்தால், குடித்துவிட்டு வாயைத் துடைத்தீர்களே, அந்தக் கை நினைவுக்கு வருகிறது. மாத்திரை போட்டதை என்றைக்காவது மறப்பேன். துடைத்ததை மறப்பேனா என்று தெரியவில்லை.

போன கடிதத்தில் "போடா" என்றதற்கு மன்னிப்புக் கேட்டிருந்தேன். அந்த மன்னிப்பைத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன். அன்றைக்கு அதைச் சொன்னது கட்டி இல்லை, நான்தான்.

இனி வீட்டுக்கு வருவேனா என்று கேட்காதீர்கள், எனக்கே தெரியாது. ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போட அண்ணன் இருக்கிறார். ஆனால் வெள்ளிக்கிழமை பதினைந்தாம் தேதி, கமிட்டி லீவு, ஆடிக் கடைசி வெள்ளி. நீங்கள் கிளம்பி இங்கே வாருங்கள். சங்கவியைக் கூட்டி வாருங்கள், ரோஜாக்காவையும் கையோடு கூட்டி வாருங்கள். அண்ணனும் அண்ணியும் இருப்பார்கள். அன்றைக்குச் சொன்னதை எத்தனை பேர் முன்னால் சொன்னீர்களோ அத்தனை பேர் முன்னால், எனக்கு எழுதினதை வாயால் சொல்லுங்கள்.

வரும்போது கூழ் கரைத்துக் கொண்டுவாருங்கள். உப்பு நன்றாகப் போடுங்கள், டாக்டர் சொல்லியிருக்கிறார். குண்டானில் வேண்டாம், சங்கவி தேய்த்து வைத்திருக்கிறாளே, அந்தச் செம்பிலேயே கொண்டுவாருங்கள். எல்லோரும் பார்க்க அதிலிருந்து முதல் வாய் நீங்கள் குடியுங்கள். அப்புறம் என் கையில் கொடுங்கள்.

பொன்னி